கண்மாய்த் தொடருக்கு ஊர்கள் கூடித் திட்டமிடும் முறை

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ஒரு கண்மாய் (ஏரி) நிறைந்ததும் அதன் கலிங்கு (மிகை நீர் வழியும் அமைப்பு) வழியே வெளியேறும் மறுகால் நீர், கீழே உள்ள அடுத்த கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் விழுகிறது. அந்தக் கண்மாயும் நிறைந்தால் நீர் அதற்கடுத்த கண்மாய்க்குப் போகிறது. இப்படி ஐந்து, பத்து, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட கண்மாய்கள் ஒரே தொடரில் கோத்துக் கிடக்கின்றன. ஆகையால் ஓர் ஊர் தன் கண்மாயை மட்டும் ஆழப்படுத்திக்கொண்டால் அதன் நன்மையும் தீமையும் அந்த ஊரோடு நிற்பதில்லை. மேலே உள்ள மேட்டுக்காட்டின் மண் அரித்து வந்தால் கீழே உள்ள கண்மாய் மேடாகிறது. மேல் ஊரில் கலிங்கை அடைத்தால் கீழ் ஊரின் நாற்று காய்கிறது.

இத்தகைய தொடர் ஒன்றின் நீரையும் நிலத்தையும் சேர்த்துப் பாதுகாக்க விரும்பும் ஊராட்சிகள், ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் வயல்) விவசாயிகள் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. தடுப்பணை எங்கே, குட்டை எங்கே என்ற கேள்விகளைப் பெரும்பாலான திட்டங்கள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. அவற்றை இரண்டாவதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. யார் கூடி உட்காருகிறார்கள், கிடைக்கும் நீரை எப்படிப் பகிர்வதென்று கல் வைப்பதற்கு முன்பே எழுதிக்கொண்டார்களா என்ற இரண்டையும் பொறுத்தே மற்றவை நிலைக்கின்றன.

எல்லையை நீர் காட்டட்டும்

முதல் வேலை, திட்டத்தின் எல்லையை வரைவது. நீர்வடிப்பகுதி என்பது, பெய்யும் மழை ஒரே வடிகாலில் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதும் ஆகும். அது ஊராட்சி எல்லையையோ வருவாய்க் கிராம எல்லையையோ மதித்து நடப்பதில்லை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிகள், சிறு நீர்வடிப்பகுதிகள் பலவற்றைத் தொகுத்து 1,000 முதல் 5,000 ஹெக்டேர் வரையிலான பரப்பை ஒரு திட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்லின. கண்மாய்த் தொடர்களுக்கு இந்த அளவு பொருத்தமாகவே இருக்கிறது. இதைவிடப் பெரிதாக எடுத்தால் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாகிவிடுகிறார்கள்.

எல்லையைக் கண்டுபிடிக்கக் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவுப்படம்), 'அ' பதிவேடு (புல எண்வாரியான நில வகைப்பாட்டுப் பதிவேடு) ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்தும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தும் பெற்று, ஓடை, வாரி, கண்மாய், ஊருணி, மேய்க்கால் புறம்போக்கு ஆகிய வகைப்பாடுள்ள புல எண்களை வண்ணமிட்டுக் குறிக்க வேண்டும். இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை இதனோடு ஒப்பிட்டால், பதிவேட்டில் ஓடையாக இருந்து தரையில் வயலாகவோ சாலையாகவோ மாறிப்போன இடங்கள் தெரியும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் உயரக்கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருப்பதால், நம்முடைய தட்டையான சமவெளியில் அவை அதிகம் உதவுவதில்லை. இரண்டு மீட்டர் ஏற்ற இறக்கமே ஒரு கண்மாயின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நிலம் இது. எனவே ஐப்பசி மழையில், தொடரின் கடைசிக் கலிங்கிலிருந்து புறப்பட்டு நீர் வரும் திசைக்கு எதிராக மேலே நடந்து போவதே நம்பகமான வழி. மழை ஓய்ந்த பிறகு ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் பாதைக்கும் மழையின்போது நீர் உண்மையில் ஓடும் பாதைக்கும் இடையே வேறுபாடு இருக்கக்கூடும். அந்த வேறுபாடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் சிக்கலும் தொடங்கியிருக்கும்.

யார் யார் உட்கார வேண்டும்

கண்மாய் என்றதும் ஆயக்கட்டுதாரர்களை மட்டும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் நீரின் பயனாளிகள்; ஆனால் அந்த நீர் பிடிபடும் நிலம் வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. மேட்டுக்காட்டில் கம்பும் நிலக்கடலையும் போடும் மானாவாரி விவசாயிகள், அறுவடைக்குப் பிறகு ஆட்டு மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடும் கீதாரிகள், ஆடு மேய்க்கும் குடும்பங்கள், கண்மாய் மண் எடுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்கள், கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகையை எடுத்தவர், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள், ஊருணியில் குடிநீர் எடுக்கும் பெண்கள், கூலி வேலை தவிர வேறு பங்கில்லாத நிலமற்றவர்கள் என இவர்களில் ஒரு பிரிவை விட்டாலும், திட்டத்தின் நடுவில் அந்தப் பக்கத்திலிருந்தே தடை வரும். தடை வருவது நியாயமும்கூட. ஏனென்றால் மேய்ச்சலை நிறுத்தச் சொல்லும் முடிவை மேய்ப்பவர் இல்லாத கூட்டத்தில் எடுத்திருப்போம்.

இதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. சண்டிகரில் 1958-இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரி, சில ஆண்டுகளிலேயே சிவாலிக் குன்றுகளிலிருந்து அரித்து வந்த மண்ணால் நிரம்பத் தொடங்கியது. மண் எங்கிருந்து வருகிறது என்று 1970-களில் தேடிப்போன மண் பாதுகாப்பு அறிவியலாளர் பி. ஆர். மிஸ்ரா குழுவினர், மேலே ஹரியானாவில் இருந்த சுகோமாஜ்ரி என்ற சிறிய கிராமத்தின் மொட்டையான குன்றுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சிறு மண் அணைகள் கட்டப்பட்டபோது, நீர் பாயும் வயல் உள்ளவர்களுக்கு மட்டுமே பயன் கிடைத்ததால் மற்றவர்கள் ஆடுகளைக் குன்றில் விடுவதை நிறுத்தவில்லை. நிலம் இல்லாத குடும்பம் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணை நீரில் சம உரிமை உண்டு என்று முடிவெடுத்த பிறகே குன்றை ஊரே காத்தது, முள்வேலி தேவைப்படவில்லை. நகரத்து ஏரியைக் காக்கும் வழி, அந்த ஏரியைப் பார்த்தேயிராத ஒரு கூலிக் குடும்பத்தின் பங்கைத் தீர்மானிப்பதில் இருந்தது என்பதைத் திட்டமிடும் ஒவ்வொரு குழுவும் தன் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டும்.

அரசுத் துறைகளில் யாரிடம் போவது என்பது கண்மாயின் அளவைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருகின்றன. ஒரே தொடரில் இரண்டு வகையும் கலந்திருக்கும். மேட்டுநிலத்தில் மண் வரப்பு, பண்ணைக்குட்டை போன்றவற்றுக்கு வேளாண் பொறியியல் துறையும், காப்புக்காடு இருந்தால் வனத் துறையும், ஆக்கிரமிப்பு அளவீட்டுக்கு வருவாய்த் துறையும் வேண்டும். இவர்களைத் தனித்தனியே சந்தித்தால் ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டும் பார்த்து மதிப்பீடு தயாரிப்பார்கள் என்பதால், தொடரின் வரைபடத்தை விரித்து வைத்து அனைவரையும் ஒரே நாளில் கரையில் நடக்கவைக்க முயல வேண்டும். நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆனாலும் காத்திருக்கலாம்.

தொடரின் ஊர்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பின் உறுப்பினர் முறையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கண்மாய்க்கும் சம எண்ணிக்கையில் பேராளர்கள் இருக்கட்டும். ஆயக்கட்டின் பரப்புக்கு ஏற்ப இடம் ஒதுக்கினால் பெரிய கண்மாய் உள்ள ஊரே எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஊராட்சிகள் ஒவ்வொன்றும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிச் சேர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. இவற்றுள் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, கோடை வேலைகளுக்குச் சற்று முன்னால் வருவதால் இதற்கு மிகவும் ஏற்றது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்க் கூட்டமைப்பைப் பதிவு செய்துகொண்டால் வங்கிக் கணக்கு தொடங்கவும் நிதி பெறவும் வழி பிறக்கும்.

கணக்கு விஷயத்தில் நம் ஊர்களுக்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததையும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாதென்று விலக்கியதையும் சொல்கின்றன. இன்றைய கூட்டமைப்பு தன் விதிகளில் இந்த ஒன்றையாவது எழுதிக்கொண்டு, வரவு செலவை மாதந்தோறும் ஒவ்வோர் ஊரின் பொதுச் சுவரிலும் எழுதிப் போட வேண்டும்.

இரண்டு நடை, ஒரு குறிப்பேடு

நிலத்தை இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும்: சித்திரை வெயிலில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு முறை. வறண்ட காலத்து நடையில் கரையின் உடைப்பு, வயலுக்கு நீர் விடும் மடையின் பழுது, கலிங்கின் விரிசல், வரத்துக்காலின் அடைப்பு, மேட்டுநிலத்தில் விழுந்துள்ள அரிப்புப் பள்ளங்கள் ஆகியவற்றை அளந்து குறிக்கலாம். மழைக்கால நடையில் நீர் எங்கே தேங்குகிறது, எங்கே கலங்கலாக ஓடுகிறது என்று தெரியும். செந்நிறமாகக் கலங்கி வரும் ஓடையைப் பின்தொடர்ந்து போனால், எந்தக் காட்டின் மேல்மண் போகிறது என்பதைப் புல எண்ணோடு சொல்லிவிடலாம். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 'டேங்க் மெமாயர்' என்று அலுவலகங்களில் வழங்கும் பழைய குறிப்பேடு இருக்கக்கூடும். கொள்ளளவு, முழு நீர்மட்டம், மடைத் தளத்தின் உயரம், ஆயக்கட்டு ஆகிய விவரங்கள் அதில் இருப்பதால் அதன் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

தனியார் நிலங்களில் புலவாரியாகத் திட்டமிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் இந்தோ-ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் பழகி, நபார்டு (தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) திட்டங்களில் பரவிய முறை இது: ஒவ்வொரு புலத்திலும் அதன் உரிமையாளரோடு நின்று, அந்த மண்ணின் ஆழம், சரிவு, இப்போதைய பயிர் ஆகியவற்றைப் பார்த்து, அங்கே செய்யக்கூடிய வேலையை அங்கேயே முடிவு செய்து கையொப்பம் பெறுவது. வீட்டில் ஆண் மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது. களை எடுப்பதும் ஆடு கட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் பெண்ணாக இருக்கும்போது, வரப்பு எங்கே வர வேண்டும் என்பதில் அவர் கருத்தே பெரும்பாலும் நுட்பமானதாக இருக்கும். 500 ஹெக்டேருக்கு இப்படி நடந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். இந்த வாரங்களைச் சுருக்குவதற்கு நிதி தருபவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இணங்க வேண்டாம்.

நீர்க்கணக்கு போடுவதற்குப் பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது பத்து கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் ஒரு நாளில் 60 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால் 60,000 கன மீட்டர் நீர் கண்மாயை நோக்கி வரும். ஓடிவரும் பங்கு மண்ணின் தன்மையையும், நிலம் முன்பே நனைந்திருந்ததா என்பதையும் பொறுத்து மாறும் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆயினும் முடிவெடுக்க இது போதும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில் மொத்தமாகப் பெய்துவிடுகிறது. அந்தச் சில நாள்களில் வரத்துக்கால் திறந்திருந்ததா என்பதே ஆண்டின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கைத் தூர்வாரும் செலவோடு வைத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பை ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டினால் ஏறத்தாழ 3,000 கன மீட்டர் இடம் கிடைக்கும். டிராக்டர் பெட்டி ஒன்றுக்கு மூன்று கன மீட்டர் என்று கொண்டால் அது ஆயிரம் நடை. மேலே சொன்ன ஒரே மழையின் 60,000 கன மீட்டருக்கு இடம் தோண்ட 20,000 நடை மண் அள்ள வேண்டும். வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கும் கண்மாயில் இவ்வளவு தோண்டுவது, வராத நீருக்கு இடம் தயாரிப்பதாகவே முடியும். தூர்வாருவதற்கு நிதியும் இயந்திரமும் எளிதாகக் கிடைப்பதால் ஊர்கள் அதையே முதலில் கேட்கின்றன. வரத்துக்காலைத் திறப்பதற்குப் பக்கத்து ஊரிடம் பேச வேண்டியிருப்பதால் அது தள்ளிப்போகிறது. கூட்டமைப்பு என்ற ஒன்று தேவைப்படுவதே இந்தப் பேச்சுக்காகத்தான்.

ஊருக்கு ஒரு மழைமானியும், தேர்ந்தெடுத்த ஐந்தாறு கிணறுகளும், கண்மாய் மடையருகே அளவு குறித்த ஒரு கல்லும் போதும். பள்ளி மாணவர்களையோ இளைஞர்களையோ கொண்டு மழையை அன்றன்றும் கிணற்று மட்டத்தை மாதம் ஒருமுறையும் ஒரே குறிப்பேட்டில் எழுதவைத்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் அந்தக் குறிப்பேடு எந்த அறிக்கையையும்விட மதிப்புள்ளதாகிவிடும்.

வேலைகளின் வரிசை

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பதே நீர்வடிப்பகுதி வேலைகளின் அடிப்படை ஒழுங்கு. மேட்டுக்காட்டில் கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்வது, ஒரே உயரத்தில் செல்லும் சமமட்ட வரப்பு போடுவது, வரப்போரம் மரமும் புல்லும் வைப்பது ஆகியவை முதலில் வருகின்றன. சமமட்டக் கோட்டைக் கண்டுபிடிக்க, நீர் நிரப்பிய ஒளிபுகும் நீண்ட குழாயை இரண்டு அளவுகோல்களில் கட்டிப் பயன்படுத்தும் முறை போதுமான துல்லியம் தரும். ஒரு நாள் பயிற்சியில் ஊர் இளைஞர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அரிப்புப் பள்ளங்களில் கல் தடுப்புகளை அடுக்கும்போது, கீழ்த் தடுப்பின் தலைமட்டம் மேல்த் தடுப்பின் அடிமட்டத்தோடு ஒத்திருக்குமாறு இடைவெளி விட வேண்டும்: 100 மீட்டருக்கு ஐந்து மீட்டர் சரியும் ஓடையில் முக்கால் மீட்டர் உயரத் தடுப்புகள் 15 மீட்டருக்கு ஒன்றாக அமையும். தடுப்பின் நடுப்பகுதி பக்கங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு புதுப்பாதை எடுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொடரில் மேலே கட்டும் ஒவ்வொரு தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் கீழே உள்ள கண்மாயின் வரவிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மழை மிகுந்த ஆண்டில் இது தெரியாது. குறைந்த ஆண்டில் கடைசிக் கண்மாய் நிரம்பாமல் போகும்போதுதான் தெரியும். ஆகவே மேலே எத்தனை கன மீட்டர் புதிதாகத் தேக்கப்போகிறோம் என்று கூட்டிப் பார்த்து, கீழ் ஊர்ப் பேராளர்கள் அந்தத் தொகைக்கு எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். மண்ணைக் காக்கும் வேலைக்கு உச்சவரம்பு தேவையில்லை, நீரைத் தேக்கும் வேலைக்கு உண்டு என்ற வேறுபாட்டை எல்லோரும் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்து வரத்துக்கால். அதற்குப் பிறகே கண்மாயின் உள்வாயை (நீர் நிற்கும் பரப்பை) ஆழப்படுத்துவது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும்; மடைத் தளத்துக்குக் கீழே தோண்டும் ஆழத்து நீர் வயலுக்குப் பாயாது, கால்நடைக்கும் நிலத்தடிக்கும் மட்டுமே பயன்படும். அடியில் உள்ள களிமண் படிவத்தைக் கிழித்து மணல் வரை தோண்டிவிட்டால் நீர் நிற்காது. எடுக்கும் கரம்பையை (வண்டல் மண்ணை) உரிய அனுமதியோடு மேட்டுக்காட்டுச் செம்மண்ணில் பரப்புவது, அரித்துப்போன மண்ணை அதன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவது போன்றது; உவர் உள்ளதா என்று முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கலிங்கின் மட்டத்தை உயர்த்திக் கொள்ளளவு கூட்டலாம் என்ற யோசனை எங்கும் எழும். அதனால் மேல்புறப் பட்டா நிலங்கள் மூழ்கி, ஒரு பெருமழை இரவில் யாரோ கலிங்கை உடைக்கும் நிலை வரும் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை அகற்றுவதில் கண்மாயின் உள்ளேயும் வரத்துக்காலிலும் தாமதம் கூடாது. வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைக்கும். மேட்டுப் புறம்போக்கில் உள்ளதை மட்டும் ஆண்டுக்கு ஒரு பகுதியாக அகற்றி, அந்த இடத்தில் நாட்டு மரங்கள் எழுந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாம். அதிலிருந்து கிடைக்கும் விறகும் கரியும்தான் சில குடும்பங்களுக்குச் சோறு.

பணமும் உழைப்பும்

பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதிப் பிரிவில், 2021-க்குப் பிந்தைய இரண்டாம் கட்டத்துக்குச் சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாயும் கடினமான நிலப்பகுதியில் 28,000 ரூபாய் வரையும் செலவு வரம்பு வைக்கப்பட்டது. மாநிலத்தில் இதைத் தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை நடத்துகிறது. நபார்டின் நிதியும், 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பெருநிறுவனங்கள் தம் லாபத்தில் ஒதுக்கும் இரண்டு விழுக்காட்டு நிதியும் பிற வழிகள். ஊரக வேலைத் திட்டத்தின் விதிகள் மாறிவருவதால் அந்தந்த ஆண்டின் அரசாணையை ஒன்றிய அலுவலகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பங்களிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரார் தாமே கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற வழக்கத்தை ஆங்கிலேய அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது; தமிழ்நாடு அரசு 2017-இல் அதே பெயரில் தொடங்கிய திட்டம் செலவில் பத்து விழுக்காட்டைப் பயனாளிகள் ஏற்க வேண்டும் என்றது. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உழைப்பைத் தருபவர் யார், பயனைப் பெறுபவர் யார்? வீட்டுக்கு ஓர் ஆள் என்று வரி போடுவது சமமாகத் தோன்றினாலும், பத்து ஏக்கர் ஆயக்கட்டு உள்ளவரும் ஒரு சென்ட் நிலம் இல்லாதவரும் ஒரே அளவு இலவச உழைப்பைத் தருவதில் சமம் இல்லை. ஆயக்கட்டு நிலத்தின் ஏக்கர் கணக்கில் பங்களிப்பை வைத்து, நிலமற்றவரின் உழைப்புக்கு முழுக் கூலி கொடுப்பதே நேர்மையான முறை.

பராமரிப்புக்கெனத் தனி நிதி ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். மீன்பாசிக் குத்தகை, கரை மரங்களின் மகசூல் ஆகியவை சட்டப்படி எந்தக் கணக்கில் சேர்கின்றன என்று கேட்டறிந்து, அதில் ஒரு பங்கைக் கூட்டமைப்புக்குத் தரும்படி ஊராட்சியிடமோ ஒன்றியத்திடமோ தீர்மானம் பெற முயலலாம்.

பங்கீட்டை முன்கூட்டியே எழுதுவது

புனேயை அடுத்த புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே 1970-களில் உருவாக்கிய பானி பஞ்சாயத்து (நீர்ப் பஞ்சாயத்து), நீரை நிலத்தின் பரப்பைப் பார்க்காமல் குடும்பத்தின் ஆள் எண்ணிக்கையைப் பார்த்துப் பகிர்ந்தது. நிலமற்றவருக்கும் பங்கு வைத்தது. கரும்புக்கு அந்த நீரைத் தரவில்லை. நெல் ஆயக்கட்டு என்று பதிவான நம் கண்மாய்களில் இதை அப்படியே செய்ய இயலாது. ஆனால் கண்மாய் பாதி நிறையும் ஆண்டில் எந்த மடைக்கு எத்தனை நாள், கால்வாசி நிறையும் ஆண்டில் நெல்லுக்குப் பதில் என்ன பயிர், கால்நடைக்குக் கடைசியாக எவ்வளவு நீர் நிறுத்துவது, ஆயக்கட்டுக்குள் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்ட யார் சம்மதம் வேண்டும் ஆகியவற்றை மழை வருமுன்பே எழுதிக்கொள்ள இயலும். மழை பொய்த்த பிறகு கூடிப் பேசினால் ஒவ்வொருவரும் தம் வயலை மனத்தில் வைத்தே பேசுவார்கள். எழுதிய பங்கீட்டின்படி மடை திறந்து நீர் விடும் நீர்ப்பாய்ச்சியாக, எந்த மடையின் ஆளும் அல்லாத ஒருவரை அமர்த்தி, அவர் கூலியைப் பொது நிதியிலிருந்து தர வேண்டும்.

ஊர்களுக்கிடையே, ஒவ்வொரு கலிங்கின் இன்றைய மட்டத்தையும் அருகில் நிலையான ஒரு கல்லில் செதுக்கி, அதன் அளவை எல்லா ஊர்ப் பேராளர்களும் ஒப்புக்கொண்டதாகக் கையொப்பமிட்டு வைப்பது அவசியம். கலிங்கில் மணல் மூட்டை அடுக்குவது, பலகை வைப்பது ஆகியவை எந்த நிலையில் அனுமதிக்கப்படும், அனுமதி தருபவர் யார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஆக்கிரமிப்பைப் பொறுத்தவரை, ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007 நீர்வளத் துறைக்கு அதிகாரம் தருகிறது. அளவீட்டைத் தொடர் முழுவதற்கும் ஒரே சமயத்தில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஓர் ஊரில் மட்டும் தொடங்கினால் அது பழிவாங்கலாகப் பார்க்கப்பட்டுக் கூட்டமைப்பே உடையும்.

மழை முடிந்த தை மாதத்தில் ஆண்டுக் கூட்டத்தை வையுங்கள். மழை, கிணற்று மட்டம், ஒவ்வொரு கண்மாயும் நிறைந்த தேதி, மறுகால் போன நாள்கள் ஆகியவை உள்ள குறிப்பேட்டைத் தொடரின் கடைசிக் கண்மாயின் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, மேல்நோக்கிப் போக வேண்டும். கடைசிக் கண்மாய்க்கு நீர் போய்ச் சேராதிருந்தால், அந்த ஆண்டின் கோடை வேலைகள் அந்தக் காரணத்தைத் தேடிப்போவதிலிருந்து தொடங்கட்டும்.